ப்ரீ-அப்ரூவ்டு லோன் மெசேஜ்: 10,000 ரூபாய் போட்டு 53,000 எடுக்கும் கணக்கு



போன வாரம் விளாங்குடியில நம்ம ஆபீஸுக்கு ஐடி ரிட்டர்ன் விஷயமா ஒரு தம்பி வந்தார். அரை மணி நேரத்துல அவருக்கு வாட்ஸ்அப்பில் மூணு மெசேஜ். மூணும் ஒண்ணுதான்: ‘2 லட்சம் லோன் ரெடி, இன்றே கடைசி நாள்!’

“நேத்தும் கடைசி நாள்தான் அண்ணே. வேண்டாம்னு பதில் போட்டா, ‘நன்றி, இங்கே அப்ளை பண்ணுங்க’ன்னு வருது” என்றார்.

எரிச்சலே இங்கதான். பேர் சொல்லிக் கூப்பிடுது. ஆனா நாம சொல்றதைக் கேட்க அந்தப் பக்கம் ஆள் கிடையாது. இத்தனை பேரைக் கடுப்பேத்தி அவங்களுக்கு என்ன லாபம்? கணக்குப் போடுவோம்.

வாட்ஸ்அப்பில் விளம்பர மெசேஜ் அனுப்ப கம்பெனி காசு கட்டணும். ஒரு மெசேஜுக்கு ரூ.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பேருக்கு ரூ.10,000. அதில் ஒரே ஒருத்தர் 16% வட்டியில், 3 வருஷத்துக்கு 2 லட்சம் வாங்கினால் இஎம்ஐ சுமார் ரூ.7,031. மொத்த வட்டி சுமார் ரூ.53,130. பிராசஸிங் ஃபீஸ் தனி. மீதி 9,999 பேரோட எரிச்சலுக்கு அவங்க புத்தகத்தில் செலவுக் கணக்கே இல்லை. அப்புறம் ஏன் நிறுத்தப் போறாங்க?

அந்த ஒருத்தர், நம்ம தம்பிதான். போன தீபாவளிக்கு இதே மாதிரி லிங்க்கை அமுக்கி வாங்கிய லோன். சம்பளம் ஏறின அன்னைக்கே இஎம்ஐ போயிடுது.

நீங்க செய்ய வேண்டியது:

1. 1909-ல் டிஎன்டி பதிவு பண்ணுங்க. ஆனா அது எஸ்எம்எஸ், போன் காலுக்கு மட்டும்தான். வாட்ஸ்அப், இன்ஸ்டாவில் அந்தந்த சாட்டிலேயே பிளாக், ரிப்போர்ட் பண்ணணும்.

2. எஸ்எம்எஸ்ஸை மொத்தமா மியூட் பண்ணாதீங்க. பேங்க் டெபிட் அலர்ட்டும் போயிடும். 2025-ல் டிராய் கொண்டுவந்த விதிப்படி, அனுப்புநர் பெயர் முடிவில் ‘பி’ இருந்தா விளம்பரம், ‘டி’ இருந்தா பரிவர்த்தனை, ‘எஸ்’ சேவை, ‘ஜி’ அரசு.

3. ப்ரீ-அப்ரூவ்டுன்னா லோன் உறுதின்னு அர்த்தமில்லை. அப்ளை பண்ணினா கிரெடிட் ரிப்போர்ட்டில் என்கொயரி ஏறலாம்.

4. நிஜமாவே லோன் தேவையா? கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் கேளுங்க. ஃபீஸையும் சேர்த்த உண்மையான வருட வட்டி, ஏபிஆர், அதுல இருக்கணும்.

தேவை வந்து நாம லோனைத் தேடிப் போகலாம். லோன் நம்மைத் தேடி வந்தா, முதல்ல கால்குலேட்டரை எடுங்க.