கணினிக்கும் தேதி தெரியணும்!



ஊரகத் திறனாய்வுத் தேர்வு விண்ணப்பம் எடுக்க நம்ம பள்ளிக் கணினியில் உட்கார்ந்தேன். மறுநாள் கடைசி நாள். ஒன்றிரண்டு பழைய தளங்கள் திறந்தன. அது மட்டும் திறக்கல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் எங்க அண்ணன் போனில், "முதல்ல தேதியைப் பாரு" என்றார். பார்த்தால் 2009!

பூட்டுப் படம் உள்ள தளம் ஒரு சான்றிதழ் காட்டும். நம்ம பஸ் பாஸ் மாதிரி அதற்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2009-ல் நிற்கும் கணினிக்கு இந்த வருடச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே! பூட்டு இல்லாத தளத்துக்கு இந்தச் சோதனை கிடையாது.

கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்துபோச்சு. தேதியைத் திருத்தினேன், தளம் திறந்தது. புது பேட்டரி வரும்வரை தினமும் காலையில் தேதி பார்ப்பது என் வேலை.