நீளமான பெருங்குடலா? நிம்மதியாக இருங்கள்

என் வயது 46. பல வருடங்களாக மலச்சிக்கல், உப்புசம். கொலோனோஸ்கோப்பி செய்துவிட்டு, 'பெருங்குடல் வழக்கத்தைவிட நீளமாக, வளைந்து வளைந்து கிடக்கிறது' என்றார்கள். ஆபரேஷன் தேவைப்படுமா டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பெரும்பாலும் தேவைப்படாது அம்மா, பயப்படாதீர்கள். பெருங்குடலின் நீளம் சராசரியாக 1.5 மீட்டர். சிலருக்கு அது கூடுதலாக அமைந்துவிடுகிறது. இது உடல்வாகுதான், புற்றுநோயாக மாறாது.

பாதை நீண்டால் மலம் தங்கும் நேரமும் கூடலாம். அதற்குள் குடல் நீரை உறிஞ்சிவிட, மலம் இறுகிப்போகிறது. அதை இளக்கமாக வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. கீரை, அவரை, கொய்யா, முழுப் பயறு எல்லாம் நல்லவை. ஆனால் ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் அதிகமாகும். இரண்டு மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இசப்கோல் எடுத்தால் டம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுங்கள். அப்போதும் உப்புசமே மிஞ்சினால், மலத்தில் நீரைத் தக்கவைக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பொடி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

காலை உணவுக்குப் பின் குடல் தானாகவே சுறுசுறுப்பாகும். வீட்டு வேலைக்காக அந்த நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நம் பெண்கள் பலர் இப்படித்தான் உபாதையை வளர்த்துக்கொள்கிறார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் சிறு முக்காலி வையுங்கள்.

திடீரென வயிறு பானைபோல் உப்பி, கடுமையாக வலித்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடுத்த முறை கொலோனோஸ்கோப்பி செய்பவரிடம் இந்த ரிப்போர்ட்டை முன்கூட்டியே காட்டுங்கள். குழாயைச் செலுத்த அவருக்கு உதவும்.