பழைய சைக்கிளுக்குப் பாகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



அப்பா ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. சாமான்கள் லாரியில் ஏறின. ஷெட்டில் மிஞ்சியது அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள். முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்டு தவறாமல் அவரைச் சுரங்கத்துக்குச் சுமந்த வண்டி. பழைய இரும்புக்காரர் எடை போட வந்துவிட்டார். "நான் இதை ஓட்டிக்கிட்டே ஊருக்கு வர்றேம்பா" என்று சொல்லிவிட்டேன். வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக சிதம்பரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு. கேரியரில் இருபது கிலோ மூட்டை வேறு. சொன்னது சுலபம், வண்டியை ஓவராயில் பண்ண உட்கார்ந்தபோதுதான் நாம் படித்த படிப்பு எவ்வளவு என்று தெரிந்தது. அந்த அனுபவத்தையே பாடமாக எழுதுகிறேன்.

1. முதலில் ஃபிரேம்

இந்தியாவில் ஹெர்குலிஸ் செய்யும் டி.ஐ. சைக்கிள்ஸ், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய கம்பெனி. ஆலை அம்பத்தூரில். அந்தக் கால ஃபிரேம் லேசில் போகாது. ஆனாலும் சோதிக்காமல் காசு போடாதீர்கள். பின் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, ஹேண்டில்பார் பக்கத்து முன் குழாயைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். பெடல் அச்சு போகும் குழாயின் இணைப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று துருவைச் சுரண்டிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடலாம்!

2. பின் சக்கரம்: நான் ஏமாந்த இடம்

கடையில் பளபளவென்று ஒரு ரிம் தொங்கியது. பின் சக்கரத்துக்கு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் 36 துளை. நம்ம ஊர் 28 அங்குல வண்டியில் பின் ஹப்புக்கு 40 துளை, முன் ஹப்புக்கு 32. காசு போனது போனதுதான், தப்பு என்னுடையது. அப்பா திட்டவில்லை. "பாரம் எங்கடா விழுது? அங்க பாத்து வாங்கு" என்றார், அவ்வளவுதான்.

யோசித்தால் அதுதான் முழுப் பாடமும். ஆளின் எடையும் மூட்டையின் எடையும் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. எனவேதான் அங்கே எட்டு கம்பி அதிகம். பெயின்ட், மணி, சீட் கவர் எல்லாம் அப்புறம். நல்ல ரிம், நல்ல ஸ்போக்ஸ் கம்பி, நல்ல டயர் முதலில். கோட்டம் எடுத்து முடித்ததும் கம்பிகளை விரலால் தட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது பாரத்தைச் சுமக்கவில்லை, பக்கத்துக் கம்பி சேர்த்துச் சுமக்கிறது என்று அர்த்தம்.

3. பல் எண்ணிக்கை

அப்பா வண்டியில் முன்னால் 48 பல், பின் ஃப்ரீவீலில் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் 2.67 சுற்று, வண்டி சுமார் 6 மீட்டர் ஓடும். டவுன்ஷிப் ரோட்டுக்கு அது சரி. பாரத்தோடு, மத்தியானக் கடற்காற்றை எதிர்த்து மிதிக்க முழங்கால் தாங்காது. 20 பல் ஃப்ரீவீல் மாற்றினேன். இப்போது ஒரு மிதிக்கு சுமார் 5.4 மீட்டர், ஆனால் மிதிக்கும் விசை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. முன் பல்சக்கரத்தை மாற்றினால் கிராங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு அதிகம். அதே பலனை ஃப்ரீவீலில் மலிவாகப் பெறலாம்.

செயினை அளக்காமல் விடாதீர்கள். பின்னுக்குப் பின் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதைவிட 1/8 அங்குலம் கூடினால் செயினைக் கழித்துவிட வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் ஏற்றத்தில் வழுக்கும்.

4. பால்ரஸ்

முன் ஹப்புக்கு 3/16, பின் ஹப்புக்கு 1/4 அங்குலம். பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. தேய்ந்த குண்டு சிறியது. பாரமெல்லாம் புதுக் குண்டின் தலையில் விழும். கப்பும் கோனும் சீக்கிரம் குழிந்துவிடும்.

5. பிரேக்

கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்துகிறது. எனவே ரிம்மும் அதற்கேற்ற வடிவமாக இருக்க வேண்டும். நான்கு கட்டையும் புதிதாகப் போட்டேன். இருந்தாலும் நனைந்த இரும்பு ரிம்மில் பிடிப்பு வெகுவாகக் குறையும். மழையில் முன்கூட்டியே பிடிக்கப் பழகுங்கள்.

வழியில் நடந்தது

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். ஃப்ரீவீல் பக்கத்தில் ஒரு கம்பி, ஹப்பில் வளையும் இடத்திலேயே ஒடிந்திருந்தது. தள்ளிக்கொண்டு போனேன். ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. பெரியவர் ஃப்ரீவீலைக் கழற்றி, தொங்கிய கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி மாட்டிவிட்டார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வேறு ரகச் சக்கரமாக இருந்திருந்தால் அங்கே அளவுக்குக் கம்பி கிடைத்திருக்குமா? நெடும்பயண வண்டிக்கு உயர்ந்த பாகம் என்பது விலை உயர்ந்தது அல்ல. ஒடிந்தால் போகும் வழியிலேயே கிடைக்கக்கூடியது.

சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். என்னை விசாரிப்பதற்கு முன் குனிந்து பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். கோட்டம் இல்லை. மறுநாள் காலையில் வண்டியைக் காணோம். டீக்கடைக்கு எடுத்துப் போயிருந்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒரு சைக்கிள் துருப்பிடித்து நிற்கலாம். எடைக்குப் போடும் முன் ஒரு நூலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு போய் ஒரு தரம் அளந்து பாருங்களேன்.