காற்பந்தில் தோல்வியும் ஆட்டத் திட்டமும்

காற்பந்தில் தோல்வி என்பது கால்களால் மட்டும் நேர்வதன்று. திடலில் இறங்குமுன் பயிற்றுநர் வகுக்கும் திட்டத்திற்கும் அதில் பங்குண்டு.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக் குழு ஆடியது. எம். சந்திரனும், நம் பினாங்கு மண்ணின் நாமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா சகோதரர்களும் அக்குழுவில் இருந்தனர். ஆகஸ்டு 27இல் மேற்கு ஜெர்மனியிடம் 3-0 எனத் தோற்றனர். 29இல் அமெரிக்காவை அதே 3-0 கணக்கில் வென்றனர். 31இல் மொராக்கோவுடன் சமன் செய்திருந்தாலே இரண்டாம் சுற்று கிட்டியிருக்கும். (அக்காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1.) கிட்டியதோ 6-0 தோல்வி!

சமநிலையே போதும் என்னும் ஆட்டத்திற்குத் திட்டம் வேறு. தற்காப்பாளர்கள் ஒருசேர முன்னேறலாகாது. நடுத்திடலை நெருங்கி நின்று காக்க வேண்டும். முதல் கோல் விழுந்தபின்னரே உண்மைச் சோதனை தொடங்கும். ஈடுசெய்யும் பதற்றத்தில் எல்லாரும் முன்னே பாய்ந்தால் பின்புறம் வெறிச்சோடிவிடும். ஒரு கோல் பலவாகும். அவ்வேளையில் யார் முன்செல்வது, யார் நிற்பது என்பதைப் பயிற்சியிலேயே பழக்கியிருத்தல் வேண்டும். ஐந்து நாளில் மூன்று ஆட்டம் என்றால், களைத்தவரை எப்போது மாற்றுவது என்ற கணக்கும் தேவை. மொராக்கோவின் கால்களும் அதே மூன்று ஆட்டம் கண்டவைதாமே!