படம் சூப்பர் ஹிட், லாபம் பூஜ்யம்: உங்க வேரியபிள் பே-க்கு ஒரு பாடம்

"கம்பெனி லாபத்துல உங்களுக்கும் பங்கு உண்டு"ன்னு ஆஃபர் லெட்டர்ல பார்த்ததும் சந்தோஷப்படுறோம். ஆனா லாபம்ங்கிற வார்த்தைக்கு அங்க என்ன அர்த்தம்னு எத்தனை பேர் கேட்கிறோம்? இதைப் புரிஞ்சுக்க ஒரு ஹாலிவுட் வழக்கைப் பார்ப்போம்.

ஹாலிவுட்ல பெரிய ஸ்டூடியோக்கள், நட்சத்திரங்களுக்குத் தங்கள் குடைக்குள்ளேயே ஒரு தயாரிப்பு கம்பெனி தொடங்க வழி செய்யும். ஆபீஸ், ஊழியர்கள், அன்றாடச் செலவு எல்லாத்தையும் ஸ்டூடியோ பார்த்துக்கும். பாரமவுண்ட் ஸ்டூடியோவில் இப்படி இயங்கியதுதான் எடி மர்ஃபி புரொடக்‌ஷன்ஸ். 1988-ல் வந்த 'கமிங் டு அமெரிக்கா' இவங்க படம். உலக வசூல் 28 கோடி டாலருக்கும் மேல்.

அந்தக் கதைக்கரு தன்னுடையதுன்னு எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட், தயாரிப்பாளர் ஆலன் பெர்ன்ஹைமோடு சேர்ந்து வழக்கு போட்டார். 1990-ல் ஜெயிச்சார். ஒப்பந்தப்படி இருவருக்கும் நிகர லாபத்தில் பங்கு. ஆனா பாரமவுண்ட் என்ன சொன்னது தெரியுமா? "படத்துல நிகர லாபமே இல்லை!"

எப்படி? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். (எண்கள் புரிதலுக்கு மட்டும்.)

ஸ்டூடியோவுக்கு வந்த பணம்: 100 கோடி
விநியோகக் கட்டணம் 30%: 30 கோடி
தயாரிப்புச் செலவு: 50 கோடி
அதன் மேல் ஓவர்ஹெட் 15%: 7.5 கோடி
விளம்பரம்: 12 கோடி
அதன் மேல் ஓவர்ஹெட் 10%: 1.2 கோடி

மொத்தக் கழிவு 100.7 கோடி. அதாவது 70 லட்சம் நஷ்டம்! ஆனா படத்துக்காக நேரடியா வெளியே போன பணம் 62 கோடிதான். மீதி 38 கோடி ஸ்டூடியோ கையில. அதுல ஆபீஸ் செலவு கொஞ்சம் போகும், அவ்வளவுதான். நிஜ வழக்கில் இதுக்கு மேல வட்டியும் உண்டு. எடி மர்ஃபி கம்பெனியை நடத்தக் கொடுத்த படியும் படச் செலவில் சேர்ந்தது, அதன் மேலயும் 15% ஓவர்ஹெட்!

இந்த மாதிரிக் கழிவுகள் பலவற்றை மனசாட்சிக்கு ஒவ்வாதவைன்னு நீதிபதி சொன்னார். 1992-ல் புக்வால்டுக்கு 1.5 லட்சம், பெர்ன்ஹைமுக்கு 7.5 லட்சம் டாலர் தரச் சொன்னார். பாரமவுண்ட் மேல்முறையீடு போய், கடைசியில் சமரசம் ஆனது. எடி மர்ஃபிக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர் பங்கு கேட்டது மொத்த வருமானத்தில், இத்தனை கழிவுகளும் தொடுறதுக்கு முன்னாடி.

இப்ப உங்க ஆஃபர் லெட்டரை எடுங்க. மூணு கேள்வி:

1. எந்த வரியிலிருந்து கணக்கு? விற்பனையா, செயல்பாட்டு லாபமா, வரி போன நிகர லாபமா? கீழே போகப் போக கழிவுகள் கூடும். நீங்க சேர்றது ஒரு குழுமத்தின் துணை கம்பெனின்னா, தலைமை கம்பெனி மேனேஜ்மென்ட் ஃபீஸ், பிராண்ட் ராயல்டின்னு எவ்வளவு எடுக்குதுன்னும் கேளுங்க.

2. கணக்கு போடுறது யார்? அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கா? வாய்வார்த்தை வேண்டாம், எழுத்துல வாங்குங்க.

3. அந்தத் தொகை பூஜ்யமானா என்ன ஆகும்? சி.டி.சி. 12 லட்சத்தில் 3 லட்சம் வேரியபிள்னா, உங்க சம்பளம் 9 லட்சம்தான். வீட்டுக் கடன் இ.எம்.ஐ., வாடகை எல்லாத்தையும் அந்த 9-ஐ வச்சே திட்டமிடுங்க. வர்ற வேரியபிளை நேரா சேமிப்புக்கு அனுப்புங்க.

பேரம் பேச வாய்ப்பு இருந்தா, 3 லட்சம் வேரியபிளுக்குப் பதிலா 1.5 லட்சம் நிரந்தரச் சம்பளமா கேட்டுப் பாருங்க. தொகை குறைவுதான், ஆனா அதுக்கு யாரும் ஓவர்ஹெட் போட முடியாது. கையெழுத்துக்கு முன்னாடி கேட்டா அது ஒரு மெயில். பின்னாடி கேட்டா வழக்கு.