"அருமை" என்ற சொல்லைத் தாண்டி: வகுப்பறையில் வாசகர் கடிதம்

தவளக்குப்பம் பகுதியிலுள்ள அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். கடலோரக் கிராமங்களிலிருந்தும் வயல் சார்ந்த ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாம் வகுப்பில் கவிதைக்கென்று ஒரு கையெழுத்து இதழ் தொடங்கினோம். முதல் இதழில் ஒன்பது கவிதைகள். அட்டைப்படம் வரைந்து, நூலால் தைத்து, வகுப்பின் சன்னலோரம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். கடைசிப் பக்கங்களை "வாசகர் கருத்து" என்று வெறுமையாக விட்டிருந்தோம்.

ஒரு வாரத்தில் அந்தப் பக்கங்கள் நிரம்பின. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், ஒரு மாணவன் மதிய இடைவேளையில் வந்து கேட்டான்: "சார், என் கவிதைக்குப் பதினோரு பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தராவது படிச்சாங்களா?"

பக்கத்தைப் பார்த்தேன். "அருமை", "சூப்பர்", "மிக அருமை", "வாழ்த்துகள் நண்பா". எந்தக் கவிதைக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும் சொற்கள். அவன் தந்தை விசைப்படகில் தொழிலுக்குச் செல்பவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி அவன் எழுதியிருந்தான். "கடலுக்கு விடுமுறை, அப்பாவின் கைக்கு மட்டும் இல்லை" என்று முடித்திருந்தான். அந்தக் கையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. எழுதக் கற்றுக்கொடுத்த நான், படித்ததைச் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் ஊரின் முன்மாதிரி

அடுத்த பாடவேளையில் கவிதை இதழ்களின் கதையைச் சொன்னேன். புதுச்சேரியில் 1935-இல் "ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்" என்ற இதழ் கவிதைக்காகவே வெளிவந்தது. அதன் ஆசிரியர் பாரதிதாசன். அப்போது அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். 1909 முதல் 1946 வரை நம்மைப் போலவே வகுப்பறையில் நின்றவர் அவர். பின்னாளில் "குயில்" இதழையும் நடத்தினார். "அப்ப நம்ம இதழும் அந்த வரிசையா சார்?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. "வரிசையின் கடைசியில் நிற்கலாம்" என்றேன்.

பிறகு "எழுத்து" இதழைப் பற்றிச் சொன்னேன். 1959 சனவரியில் சென்னையில் சி.சு. செல்லப்பா தொடங்கிய இதழ் அது. இலக்கிய விமர்சனமே அதன் முதல் நோக்கம். ந. பிச்சமூர்த்தியின் கவிதைகள் அதில் வெளிவந்தபோது இளைஞர்கள் பலருக்கு எழுதும் ஊக்கம் பிறந்தது. திருகோணமலையில் பிறந்த பிரமிள் இருபதையொட்டிய வயதில் அதில் எழுதத் தொடங்கினார். அவ்விதழில் வந்த கவிதைகளிலிருந்து 1962-இல் "புதுக்குரல்கள்" என்ற தொகுப்பு உருவானது. யாப்பில்லாமல் எழுதுவது கவிதையாகுமா என்ற வாதம் அக்காலத்தில் சூடாக நடந்தது. பாராட்டியவர்களும் மறுத்தவர்களும் காரணம் காட்டி வாதிட்டதால்தான் புதுக்கவிதை தன் காலில் நின்றது. ஓர் இதழ் அச்சாவதோடு முடிந்துவிடுவதில்லை. வாசகர் பதில் சொல்லும்போதுதான் முழுமை பெறுகிறது. இதுவே நான் பிள்ளைகளிடம் சொல்ல விரும்பியது.

மூன்று கேள்விகள்

இரண்டாம் இதழுக்கு "வாசகர் கருத்து" என்பதை "வாசகர் கடிதம்" என்று மாற்றினோம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்து, எழுதியவருக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்.

1. எந்த வரியில் நின்றாய்?
2. அங்கே உனக்கு என்ன தெரிந்தது, அல்லது எது நினைவுக்கு வந்தது?
3. எழுதியவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வி என்ன?

"அருமை" என்று எழுதத் தடை இல்லை. ஆனால் அதற்கு அடுத்த சொல் "ஏனென்றால்" என்றிருக்க வேண்டும்.

பயிற்சிக்காக முதல் இதழையே மீண்டும் படித்தோம். தடைக்காலக் கவிதைக்கு ஒரு மாணவி எழுதினாள்: "கடைசி வரியில் நின்றேன். என் அப்பா கொத்தனார். மழையில் வேலை இல்லாத நாளில் கரணையைக் கழுவித் துடைத்துக்கொண்டே இருப்பார். உன் அப்பாவின் கை என்ன செய்துகொண்டிருந்தது? நீ சொல்லவே இல்லையே." அவன் அதை இரண்டு முறை படித்தான். மறுநாள் கவிதையில் ஒரு வரி கூடியிருந்தது: வலையின் பொத்தலில் விரல் நுழைத்து அளவு பார்க்கும் அப்பா. பதினோரு பாராட்டுகள் செய்யாததை ஒரு கேள்வி செய்தது.

நான் செய்த தவறு

இரண்டாம் இதழ் வந்ததும், "குறையையும் எழுதலாம்" என்று சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். ஒரு மாணவியின் கவிதைக்கு, "இது கவிதையே இல்லை, கட்டுரையை உடைத்துப் போட்டிருக்கிறாய்" என்று ஒரு கடிதம் வந்தது. முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் அதை வகுப்பில் உரக்கப் படித்தும் விட்டேன். அவள் தலை நிமிரவில்லை. மூன்றாம் இதழுக்கு அவள் கவிதை தரவில்லை.

கடிதம் எழுதியவனைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் வழி காட்டாதவன் நான்தான். அவனிடம், "புதுக்கவிதையைப் பார்த்தும் இதையே சொன்னார்கள். உனக்கு எந்த வரி கட்டுரையாகத் தோன்றியது என்று காட்டு" என்றேன். அவன் மீண்டும் படித்தான். நான்கு வரிகளில் இரண்டைத்தான் காட்ட முடிந்தது. மற்ற இரண்டும் நன்றாக இருப்பதாக அவனே சொன்னான். அதை எழுதி அவளிடம் கொடுத்தான்.

அன்று முதல் மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்கிறோம். கடிதம் வரியைப் பற்றிப் பேச வேண்டும். ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. குறை சொல்ல விரும்புபவர் அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். கடிதத்தை முதலில் படிக்கும் உரிமை கவிதை எழுதியவருக்கே; அவர் சம்மதித்தால் மட்டுமே வகுப்பில் வாசிக்கலாம்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும். முதலாவதில் படித்தல், இரண்டாவதில் கடிதம் எழுதுதல். தொடக்க வகுப்புகளில் கடிதத்துக்குப் பதிலாக, "பாட்டில் உனக்குப் பிடித்த இடத்தைப் படமாக வரை" என்று சொல்லலாம். வரைந்த பிறகு, ஏன் அந்த இடம் என்று கேட்டால் போதும். மேல்வகுப்புகளில் கடிதம் எழுதும் பயிற்சியோடு இணைக்கலாம். மதிப்பெண் மட்டும் வேண்டாம். மதிப்பெண் வந்தால் பிள்ளைகள் நமக்காக எழுதுவார்கள், நண்பனுக்காக எழுத மாட்டார்கள். ஆசிரியரும் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு கடிதம் எழுதுவது நல்லது. நான் எழுதுகிறேன், அந்த மூன்று கேள்விகள் எனக்கும் உண்டு.

நான்காம் இதழ் இப்போது கயிற்றில் தொங்குகிறது. தலை குனிந்த அந்த மாணவி இன்னும் கவிதை தரவில்லை. ஆனால் இந்த இதழின் மிக நீளமான வாசகர் கடிதம் அவளுடையது. தன் கவிதையைக் குறை சொன்னவனின் கவிதைக்கே அதை எழுதியிருக்கிறாள். மூன்றாவது கேள்விக்கு இப்படி எழுதியிருந்தாள்: "இதை எத்தனை முறை அடித்துத் திருத்தினாய்?" அவன் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான்.