பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து வீட்டு நாஸுக்கு...

2011 தானே புயலையும் 2015 பெருவெள்ளத்தையும் பார்த்த கடலூர் மாவட்டத்தில், சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் பக்கம் கல்யாண ஆல்பத்தையும் பத்திர நகலையும் நாஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) மாற்றுபவர்கள் கவனிக்க:

● வெள்ளத்தில் நனைந்த டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். 'டிக் டிக்' சத்தம் வந்தாலும் உடனே நிறுத்தி, தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

● பழைய டிஸ்கைப் புதிய நாஸின் காலி இடத்தில் செருகாதீர்கள். ஃபார்மேட் செய்யச் சொல்லும், செய்தால் எல்லாம் அழிந்துவிடும். யுஎஸ்பி அடாப்டர் வழியாக இணையுங்கள். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனி மின்சாரம் தேவை.

● பழைய நாஸ் டிஸ்கை விண்டோஸ் பெரும்பாலும் படிக்காது. 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, பென்டிரைவில் லினக்ஸ் போட்டுத் திறந்து பாருங்கள்.

● வைஃபையில் நகலெடுக்காமல் லேன் கேபிள் போடுங்கள். கிகாபிட் லேனில் 1 டிபி போக சுமார் 3 மணி நேரம்; டிஸ்கை யுஎஸ்பி 2.0-இல் மாட்டினால் 8 மணி நேரம்கூட ஆகலாம்.

● மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நாஸ், கணினி, ரவுட்டர், டிஸ்க் எல்லாவற்றையும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

● முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள்.

● பழைய டிஸ்கை உடனே அழிக்காதீர்கள். நாஸில் பல டிஸ்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு என்பது பேக்கப் ஆகாது. இன்னொரு நகல் வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.